பழைய காரில் புதுச் சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பட்டறையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, முன்பக்கம் ஏதோ சத்தம் வருது" என்று சொன்னால் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்துச் சத்தம் வராது. வந்தாலும் வேலை நெருக்கடியில் ஓர் ஊகம்தான் பதிலாக வரும்: ஷாக் அப்சார்பரை மாத்திடலாம் சார். அதற்கும் போகவில்லையா, லோயர் ஆர்ம். அதற்கும் இல்லையா, ஸ்டீயரிங் ராக். கடைசியில் சின்ன லிங்க் ராடு ஒன்றில் விஷயம் முடியும். இதில் மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் வண்டி இருப்பது சிறிது நேரம். தினமும் ஓட்டுவது நீங்கள். சத்தம் எப்போது வருகிறது, என்ன செய்தால் மாறுகிறது என்பதை உங்களால்தான் சொல்ல முடியும்.

மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், சான்ட்ரோ மாதிரி முன்சக்கரம் இழுக்கும் பழைய பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்பாசிடர், பொலிரோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி உண்டு.

முதலில்: ஓட்டக் கூடாத சத்தங்கள்

சத்தம் பெரிதாக இருந்தால் கோளாறும் பெரிது என்று நினைக்க வேண்டாம். காது கிழியக் கத்தும் பெல்ட்டோடு ஒரு வாரம் ஓட்டலாம். மெல்லிய "டொக்... டொக்" ஒன்று அடுத்த வளைவில் சக்கரத்தைக் கழற்றிவிடலாம். அதனால் தேடலைத் தொடங்கும் முன் கீழ்க்கண்டவற்றில் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

டயர் மாற்றிய பிறகோ பஞ்சர் போட்ட பிறகோ வந்த புதுச் சத்தம் என்றால், வேறு எதையும் யோசிக்காமல் ஓரமாக நிறுத்தி வீல் நட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் வைத்தவுடன் ஒன்று சுலபமாகத் திரும்பினாலும் நான்கு சக்கரத்திலும் எல்லா நட்டையும் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள்.

பிரேக் மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும் "கரகர" கேட்டால் பேட் முழுவதும் தேய்ந்து போயிருக்கிறது. இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து கனமான "டொக் டொக்" வந்து, கூடவே ஆயில் விளக்கும் எரிந்தால் சாவியை அணைத்துவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் கிராங்க் போய்விடும். சத்தத்தோடு ஸ்டீயரிங்கும் ஆடத் தொடங்கினாலும், வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும் இதே விதிதான்.

இவை இல்லையென்றால் அவசரமில்லை. பொறுமையாகத் தேடலாம்.

படி 1: வண்டியைக் காலி செய்யுங்கள்

டிக்கியில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர், ஜாக்கி கைப்பிடி, தண்ணீர் கேன் என ஒன்று விடாமல். டேஷ்போர்டு அறை, கதவுப் பைகள், சீட்டுக்கு அடியிலும் பாருங்கள். எங்கள் தெருவில் ஒருவர் வளைவில் திரும்பும்போதெல்லாம் "டம்" என்று இடிக்கிறது என்று இரண்டு பட்டறை ஏறி இறங்கினார். பின்சீட்டுக்கு அடியில் கோயில் தேங்காய் ஒன்று உருண்டுகொண்டிருந்தது.

காலி வண்டியை அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போயிருந்தால் பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தால் போதும். போகவில்லை என்றால் நம்பர் பிளேட், பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப், பானட்டைத் தாங்கும் ரப்பர்கள், மட்கார்டு பிளாஸ்டிக், சைலன்சர் தொங்கும் ரப்பர் ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பாருங்கள். 15 வருட வெயிலில் ரப்பர் கல்லாகிவிடும். சைலன்சரைக் கைப்பிடியளவு துணியால் பிடித்து, வண்டி ஆறியிருக்கும்போது மட்டும், இடமும் வலமும் அசைத்தால் எங்கே முட்டுகிறது என்று அங்கேயே தெரியும்.

படி 2: சத்தம் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது?

மொத்த வேலையில் பாதி இதுதான். சத்தம் கீச்சென்று இருக்கிறதா, லொடலொட என்று இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அது எதற்குக் கட்டுப்படுகிறது என்று பாருங்கள்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். சத்தம் வந்து, இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது இன்ஜினோ, பெல்ட்டில் ஓடும் உறுப்போ, சைலன்சரோதான். சக்கரம், சஸ்பென்ஷன் பக்கம் போகவே வேண்டாம்.

நின்றால் சத்தம் இல்லை, ஓடும்போது மட்டும்தான் என்றால் காலியான, நேரான சாலைக்குப் போங்கள். 50 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரிலும், அதே வேகத்தில் மூன்றாவது கியரிலும் ஓட்டுங்கள். சாலை வேகம் ஒன்றுதான். இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். சத்தம் மாறவில்லை என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் பொருள்: டயர், வீல் பேரிங், பிரேக், ஆக்ஸில். மாறினால் இன்ஜின் பக்கம். அப்புறம் கிளட்சை மிதித்து வண்டியைச் சற்று உருளவிட்டுப் பாருங்கள். ஓடும்போது சாவியை அணைத்துச் சோதிக்க மட்டும் வேண்டாம். பிரேக்கை மிதிக்க உதவும் வெற்றிட விசை போய்விடும், சாவி மேலும் திரும்பிவிட்டால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

தட்டல் சத்தம் என்றால் எண்ணிப் பார்க்கலாம். மாருதி 800-இன் 145/70 ஆர்12 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.6 மீட்டர் உருளும். 10 கி.மீ. வேகத்தில் 10 நொடிக்கு ஏறக்குறைய 17 சுற்று. அந்த வேகத்தில் 10 நொடியில் 17 "டக்" வந்தால், சக்கரத்தின் ஒரே இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் டயர் பட்டனில் (தரையைத் தொடும் ரப்பர் வரிகளில்) மாட்டிய சரளைக் கல்லோ ஆணியோதான். இன்ஜினோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் நிமிடத்துக்கு 850 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒரு வால்வு நொடிக்கு 7 முறை திறந்து மூடும். அதை யாரும் வாய்விட்டு எண்ண முடியாது.

மீதிச் சத்தங்கள் உங்கள் செயலோடு ஒட்டியவை: பிரேக் மிதித்தால், ஸ்டீயரிங் திருப்பினால், கிளட்ச் மிதித்தால், பள்ளத்தில் இறங்கினால், ஏசி போட்டால். இப்படி ஒரு காரணத்தோடு ஒட்டும் சத்தம் நல்ல சத்தம். பாதி முகவரி கிடைத்துவிட்டது. ஒரு தாளில் குறித்து வையுங்கள்: காலைக் குளிரில் மட்டுமா, சூடான பிறகா, மழையிலா, ஆள் ஏறினாலா, இடது வளைவிலா, வலது வளைவிலா.

படி 3: காது கொடுத்துக் கேட்கும் கருவிகள்

பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள்: நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார்கள். இன்றைக்கும் இது அருமையான கருவி. ஆல்டர்னேட்டர் மேல் ஒருமுறை, தண்ணீர் பம்ப் மேல் ஒருமுறை என்று நகர்த்தினால், கெட்ட பேரிங் இருக்கும் இடத்தில் காதுக்குள் நறநறவென்று கேட்கும். காற்று கசியும் "புஸ்" சத்தத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் உதவாது. ஒரு மீட்டர் ரப்பர் ஓஸின் ஒரு முனையைக் காதருகே பிடித்து மறுமுனையை இன்ஜினைச் சுற்றி நகர்த்துங்கள்.

போனில் பதிவு செய்வதும் நல்ல வழி. ஓட்டும்போது வேறொருவர் பின்சீட்டிலும் முன்பக்கக் காலடியிலும் போனை வைத்து எடுக்கட்டும். பட்டறையில் சத்தம் ஒளிந்துகொண்டாலும் பதிவு சாட்சி சொல்லும்.

சில எச்சரிக்கைகள். பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிடும்போது துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, விரித்த கூந்தல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் மின்விசிறி சொல்லாமல் கொள்ளாமல் ஓடத் தொடங்கும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள்; சைலன்சர் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமே கிடையாது. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. ஸ்டாண்டு வேண்டும், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வேண்டும்.

படி 4: நின்றபடியே வரும் சத்தம் — பெல்ட், பேரிங், இன்ஜின்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் "கீய்ய்ச்" என்று கத்தி, சில நொடியில் அடங்கினால் ஆல்டர்னேட்டர் பெல்ட்தான். ஹெட்லைட், ஏசி ஊதுகுழல், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடும். பெல்ட் வழுக்கினால் கத்தல் அதிகமாகும். இன்ஜினை அணைத்து, நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் இறங்க வேண்டும். பல வரி கொண்ட தட்டைப் பெல்ட் என்றால் ஓடும்போது வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. நின்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை.

பெல்ட்டை இறுக்கியும் "உய்ங்" போகவில்லையா? இன்ஜின் ஆறிய பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஸ்டார்ட் செய்து பாருங்கள். இந்த இன்ஜின்களில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடலாம், அதனால்தான் நேரக் கட்டுப்பாடு. சத்தம் போய்விட்டால் குற்றவாளி அந்தப் பெல்ட் சுற்றும் உறுப்புகளில் ஒன்று. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால் விரலுக்கே மணல் தட்டும். ஏசி கம்ப்ரசரில் ஒரு சின்னத் துப்பு: ஏசி போடாமலே சத்தம் வந்தால் புல்லி பேரிங்; போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரசர் உள்ளே கோளாறு. முன்னது சின்னச் செலவு, பின்னது பெரியது.

வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் மூடிக்குள்ளிருந்து வரும் "விர்ர்" சத்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங் பூட்டிக்கொண்டால் பெல்ட் அறும். பல இன்ஜின்களில் அதோடு வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

அடுத்து இன்ஜினின் உள்சத்தங்கள். எதைத் தொடும் முன்பும் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு ஆயில் அளவைப் பாருங்கள். பழைய இன்ஜின் ஆயில் குடிக்கும். அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால் ஊற்றிவிட்டுத்தான் மறுபேச்சு.

மேலே, வால்வு மூடியிலிருந்து வரும் சன்னமான "டிக்டிக்டிக்" டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் உறுப்பு) சத்தம். மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினில் டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ஸ்க்ரூவால் சரிசெய்யலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. சத்தமே கேட்காத அளவுக்கு இறுக்கிக் கொடுத்தால் வாடிக்கையாளர் மகிழ்ந்துபோவார், ஆனால் வால்வு முழுவதும் மூடாமல் எரிந்துபோகும். கையேட்டில் உள்ள இடைவெளியை வைத்த பிறகு மிச்சமிருக்கும் லேசான டிக்டிக்கைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அது கேட்கிறவரை வால்வு மூடுகிறது.

டேப்பெட் மாதிரியே ஏமாற்றும் இன்னொன்று எக்ஸாஸ்ட் கசிவு. குளிரில் "சட் சட் சட்" என்று வந்து, சூடேறியதும் குறையும். மேனிஃபோல்டு இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கை அடைப்பதால் அப்படி. கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புப் புகைத்தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிஸ்டன் தேய்ந்து அடிக்கும் சத்தமும் குளிரில் வந்து சூட்டில் போகும். ஆனால் அது இன்ஜினின் நடு உடம்பிலிருந்து, சற்று மந்தமாக வரும். அதோடு பல வருடம் ஓடிய இன்ஜின்கள் உண்டு.

கனெக்டிங் ராடு பேரிங் சத்தம் வேறு ரகம். ஆயில் சூடாகி இளகிய பிறகுதான் அதிகமாகும். நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை ஏற்றி நிறுத்தி, சட்டென்று காலை எடுங்கள். இறங்கும் அந்தக் கணத்தில் "டொடொடொக்" என்று கேட்டால் அதுதான். உறுதி செய்ய, இன்ஜெக்ஷன் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரையும் ஒரு கணம் கழற்றிப் பாருங்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் வெகுவாகக் குறைகிறதோ அங்கேதான் பேரிங் தேய்ந்திருக்கிறது. டேப்பெட் சத்தம் இதற்கெல்லாம் அசையாது.

ஏற்றத்தில் நான்காவது கியரில் இழுக்க முடியாமல் திணறும்போது வரும் "கிணுகிணு" நாக்கிங். முதலில் மூன்றாவதுக்கு மாற்றுங்கள், உடனே போகும். சரியான கியரிலும் வந்தால் இக்னிஷன் டைமிங், கார்பன் படிவு, இன்ஜின் சூடு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட இன்ஜின் வேகத்தில் மட்டும் "ஸ்ஸ்ர்ர்" என்று அதிர்ந்து, அதைத் தாண்டினால் அடங்குவது பெரும்பாலும் சைலன்சர் மேலுள்ள வெப்பத் தகடு. ஒரு ஓஸ் கிளாம்ப் போட்டால் முடிந்தது.

மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர். ஐடிலிங்கில் கொஞ்சம் நடுங்குவது அதன் பிறவிக்குணம். கிளட்ச் விடும்போது "டங்" என்று இடித்தாலோ, நடுக்கம் திடீரென்று கூடினாலோ இன்ஜின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள்.

படி 5: கிளட்ச், கியர்

கிளட்ச் சோதனைக்கு ஓட்டவே வேண்டாம். நியூட்ரலில், இன்ஜின் ஓட, கிளட்சை மிதியுங்கள். மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் போகிறது, காலை எடுத்தால் வருகிறது என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். ஓடும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. மூன்றுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். எப்படியும் இறக்குவதால் கிளட்ச் பிளேட்டையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. கூலி ஒருமுறையோடு போகும்.

படி 6: ஓடும்போது வரும் "ஊம்ம்ம்" — டயரா, பேரிங்கா?

அதிகம் பேர் தவறாகப் பணம் செலவழிக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வீல் பேரிங் கெட்டால் 40 கி.மீ. தாண்டியதும் தூரத்தில் மாவு மில் ஓடுவது போல ஒரு முழக்கம் வரும். வேகத்தோடு கூடும். தேய்ந்த டயரும் ஏறக்குறைய அதையேதான் செய்யும். பிரித்தறிய மூன்று சோதனை.

ஒன்று, சாலை. தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கோ, புதிதாகப் போட்ட வழவழப்பான சாலைக்கோ மாறும்போது சத்தம் தெளிவாக மாறினால் டயர். பேரிங்குக்குச் சாலை எதுவானாலும் ஒன்றுதான்.

இரண்டு, வளைவு. அகலமான, காலியான சாலையில் அதே வேகத்தில் வண்டியை லேசாக வலப்பக்கம் திருப்புங்கள். எடை இடது சக்கரங்களுக்குப் போகும். முழக்கம் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகம். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலது.

மூன்று, கை. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வையுங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையின் விரல்களை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் லேசாக வையுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் எதுவும் தெரியாது. கெட்ட பேரிங்கின் நறநறப்பு ஸ்பிரிங் வழியாக ஏறி விரல் நுனியில் மெல்லிய அதிர்வாகத் தட்டும். காதுக்குக் கேட்காத ஆரம்பக் கட்டத்தையும் விரல் சொல்லிவிடும். மறுபக்கச் சக்கரத்தையும் இதேபோல் சுற்றி ஒப்பிடுங்கள். ஒப்பீடு இல்லாமல் எந்தப் பேரிங்கும் முதல் முறை தொடுகிறவருக்குச் சந்தேகமாகத்தான் தெரியும்.

சக்கரம் தூக்கியே இருக்கும்போது இன்னொன்றையும் முடித்துவிடுங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொட ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டான பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் என்றால் ஸ்டீயரிங் பக்கமுள்ள டை ராடு எண்ட். டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறுதிசையில் ரம்பமும் தெரிந்தால் டயர் சமமில்லாமல் தேய்ந்திருக்கிறது. வீல் அலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

படி 7: திருப்பும்போது "டக் டக் டக்"

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, காலி மைதானத்தில் மெதுவாக வட்டமடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வரும் சீரான தட்டல், ஆக்ஸிலின் வெளிமூட்டு தேய்ந்ததன் அடையாளம். எந்தப் பக்கம் என்பதில் காது ஏமாற்றும், கண்ணை நம்புங்கள். சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் தெரியும். மடிப்புப் பள்ளத்தில் கீறல் இருக்கும். கறுப்பு கிரீஸ் சக்கரத்தின் உட்புறத்திலும் ஷாக் அப்சார்பரின் அடியிலும் வட்டமாகத் தெறித்து, மேலே புழுதி அப்பியிருக்கும். சத்தம் வரும் முன்பே இதைப் பார்த்துவிட்டால் புது பூட்டும் கிரீஸும் போதும். தட்டத் தொடங்கிவிட்டால் உள்ளே மணல் போய் வேலையை முடித்திருக்கும். மூட்டையே மாற்ற வேண்டும்.

நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்பிரிங் "டொய்ங்" என்று முறுக்கி விடுபட்டால் ஷாக் அப்சார்பரின் மேல்முனையில் உள்ள மவுண்டிங் பேரிங். ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் கை வைத்தால் துள்ளல் தெரியும். பவர் ஸ்டீயரிங் உள்ள சான்ட்ரோ போன்ற வண்டிகளில் திருப்பும்போது முனகல் வந்தால் முதலில் ஆயில் டப்பாவின் அளவைப் பாருங்கள்.

படி 8: மேடு பள்ளத்தில் "டொக்"

ஸ்பீடு பிரேக்கர் நல்ல சோதனைச்சாலை. இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி ஒருமுறையும், ஓரமாகப் போய் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி ஒருமுறையும் மெதுவாகக் கடந்து பாருங்கள். நேராக ஏறினால் அமைதி, ஒரு பக்கம் ஏறினால் "டொக்" என்றால் வண்டி சாயாமல் இருக்க இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ராடோ (கம்பியின் முனையை மாட்டும் சின்னத் தண்டு) ரப்பர் புஷ்ஷோதான். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளாது, அதனால் சத்தமும் வராது. சந்தேகம் தீர லிங்க் ராடைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்க்கிற வழக்கம் உண்டு. லிங்க் ராடு தனியாக உள்ள வண்டிகளில் மட்டும் அதைச் செய்யலாம். சில பழைய சின்னக் கார்களில் ஸ்டெபிலைசர் கம்பியேதான் லோயர் ஆர்மை (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை) முன்பின் நகராமல் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும்.

இரண்டு விதத்திலும் இடித்தால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் என்று பாருங்கள். ஷாக் அப்சார்பரின் உடம்பில் ஆயில் வழிந்து புழுதி ஒட்டியிருந்தால் ஆயுள் முடிந்தது. பிரேக் மிதிக்கும்போது ஒரு இடி, மறுபடி கிளம்பும்போது ஒரு இடி என்றால் லோயர் ஆர்ம் புஷ்.

கிறீச் கிறீச் என்று ரப்பர் கத்தினால் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாகத் தெளித்து, ஒவ்வொரு முறையும் வண்டியை அழுத்தி ஆட்டுங்கள். எதை நனைத்தவுடன் சத்தம் நிற்கிறதோ அதுதான். தண்ணீருக்குப் பதில் இன்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள். ரப்பர் ஊதிப் பிளந்துவிடும்.

படி 9: பிரேக் சத்தம்

மழை பெய்த மறுநாள் காலை முதல் நாலைந்து மிதியில் வரும் சொரசொரப்பு டிஸ்க்கின் மேல்துரு. தானே போய்விடும். ஓடும்போது விடாமல் மெல்லிய "கீ..." கேட்டால் பேட் தேய்ந்து, எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடத் தொடங்கியிருக்கலாம். சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பேட் மீதி 3 மி.மீ.க்குக் கீழ் என்றால் மாற்றிவிடலாம். புதுப் பேட்டே கத்தினால் பேட்டின் முதுகில் வரும் மெல்லிய ஷிம் தகட்டைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னில் கிரீஸ் வறண்டிருக்கும். பின்பக்கமா என்று அறிய, காலிச் சாலையில் 20 கி.மீ. வேகத்தில், பொத்தானை அழுத்தியபடியே ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுங்கள். சத்தம் மாறினால் பின் டிரம். பெரும்பாலும் லைனர் தூசி. கழற்றித் துடைத்தால் போதும். அந்தத் தூசியை ஊதிவிடாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், மூச்சுக்கு ஆகாது.

அம்பாசிடர், பொலிரோ வைத்திருப்பவர்களுக்கு

பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று ஒன்று கூடுதலாக உண்டு. கிளம்பும்போதும் காலை எடுக்கும்போதும் அடியிலிருந்து "டங்" என்றால் அதன் மூட்டான கிராஸ் தேய்ந்திருக்கிறது. வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும். இழுக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்தால் தொனி மாறினால் பின் ஆக்ஸிலில் உள்ள பற்சக்கரப் பெட்டி, அதாவது டிஃபரன்ஷியல். முதலில் அதன் ஆயில் அளவைப் பாருங்கள். கட்டு ஸ்பிரிங் முனகுவது பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறியதால்.

படி 10: பட்டறையில் எப்படிச் சொல்வது

"ஷாக் அப்சார்பர் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டால் அதைத்தான் மாற்றித் தருவார்கள். அடையாளத்தை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணே, 20-க்குக் கீழ போகும்போது, இடது சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கினா ஒரு டொக். ரெண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கினா வரலை. ஒரு மாசமா இருக்கு. போன மாசம் டயர் மாத்தினோம்." பதிவைப் போட்டுக் காட்டுங்கள். முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டுங்கள். சத்தத்தை வரவழைக்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.

ஒரு நேரத்தில் ஒரே பாகம் மாற்றச் சொல்லுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சத்தம் போனால், எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. ஷாக் அப்சார்பரும் பிரேக் பேடும் இதற்கு விதிவிலக்கு. அவற்றை இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேரிங் என்றால் சுற்றிப் பாருங்கள், புஷ் என்றால் விரலால் பிளந்து பாருங்கள், லிங்க் ராடு என்றால் முனையை ஆட்டிப் பாருங்கள். கெட்டதற்கான அறிகுறி எதுவும் இல்லை, சத்தமும் போகவில்லை என்றால் பணம் கொடுக்கும் முன் அதே இடத்தில் பேசிவிடலாம். சக்கரத்தைக் கழற்றிய வேலை என்றால் 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.